பேசினில் துள்ளிய மிளகுத்தூள்

போன டிசம்பர் மழை விடாமல் பெய்த வாரம், சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் குளியலறை பேசினில் மிளகுத்தூள் சிந்தியது போலப் புள்ளிகள். துடைக்கப் போனால் துள்ளுகின்றன! தெள்ளுப்பூச்சி என்று அம்மா பயந்துவிட்டார், ஆனால் யாரையும் கடிக்கவில்லை. தேடிப் பார்த்ததில் ஸ்பிரிங்டெயில் என்று தெரிந்தது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், வயிற்றுக்கடியில் மடங்கிய வால் போன்ற ஒன்றைத் தரையில் உதைத்துத்தான் எகிறுகிறது, தின்பது பூஞ்சணமும் மட்கியதும்.

முதலில் நானும் ஸ்பிரே வாங்கி அடித்தேன். இரண்டு நாள் காணோம், மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டன, காசுதான் தண்டம்.

ஈரம் எங்கே என்று பார்க்காமல் மருந்தடித்துப் பயனில்லை. பேசினுக்கடியில் குழாய் மூட்டு மெல்லக் கசிந்து, அலமாரிப் பலகையின் பின்பக்கம் முழுக்கப் பூஞ்சணம். பிளம்பர் வாஷர் மாற்றினார், பலகையைச் சுரண்டித் துடைத்துக் காயவைத்தேன், அப்புறம் ராத்திரி முழுக்கக் கதவைத் திறந்து வைத்து மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.

காரிடாரில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியும் ஒரு காரணம். அம்மா தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுவார். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள் என்று கெஞ்சி, அடித்தட்டையும் எடுத்துவிட்டேன் (அதில் தண்ணீர் நின்றால் கொசு வேறு, அபராதம் வேறு). மண்ணில் இன்னும் சில இருக்கின்றன, செடிக்குக் கெடுதல் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும். குளியலறையில் பத்து நாளில் ஒன்றுகூட இல்லை.