மார்க் இருந்தும் டாக்டர் சீட் கைநழுவுவது எப்படி?

தருமபுரியில் 2008-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, கிருஷ்ணகிரியில் 2022-இல். அதிலிருந்து, "நம்ம ஊர் காலேஜ், நம்ம பிள்ளைக்கு இல்லாமலா?" என்ற பேச்சு டீக்கடை வரை பரவியிருக்கிறது. மாவட்டத்துக்கென்று அங்கே ஒரு சீட்டுகூடத் தனியாகக் கிடையாது. 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதி 85 சதவீதத்துக்கு மாநிலம் முழுக்க ஒரே கலந்தாய்வுதான். பென்னாகரத்துப் பிள்ளையும் நாகர்கோவில் பிள்ளையும் ஒரே தரவரிசையில் நிற்பார்கள். ஆகவே பக்கத்து ஊர்க் கல்லூரிகளை மட்டும் சாய்ஸில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். திருவாரூரில் படித்தாலும் பட்டம் தருவது அதே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான்.

எனக்கு வயிற்றெரிச்சலைத் தருவது இன்னொன்று. அரசுப் பள்ளியில் பத்தாவதில் நன்றாக மார்க் எடுத்த பிள்ளையை, நீட்டுக்குத் தயார்செய்கிறார்கள் என்று நம்பி, ஊத்தங்கரைப் பக்கமோ நாமக்கல்லுக்கோ தனியார் விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். கடனும் வாங்கி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் இழந்துவிடுகிறார்கள். 2020-இல் வந்த அந்தச் சட்டப்படி ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இப்படி மாறினால் தகுதி போச்சு. அரசு உதவிபெறும் பள்ளியும் கணக்கில் வராது. இந்த ஒதுக்கீட்டில் கட்-ஆஃப் பொதுப்பிரிவைவிட வெகுவாகக் குறைவு. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நீட் கோச்சிங் வேண்டுமென்றால் பிளஸ் டூ முடித்த பிறகு ஓராண்டு சேருங்கள். அதனால் ஒதுக்கீடு போய்விடாது. பத்தாவது முடித்ததும் டி.சி. வாங்க ஓடுவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

ஓசூர்க்காரர்களுக்கு வேறு சிக்கல். வேலைக்காக எல்லை தாண்டியவர்களின் பிள்ளைகள் ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கம் படித்திருப்பார்கள். அவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழை முன்பே வாங்கி வைக்க வேண்டும். கர்நாடகத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. நீட் முடிவு வந்த பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு வி.ஏ.ஓ.வைத் தேடி அலைந்தால் கலந்தாய்வு யாருக்காகவும் நிற்காது.

நீட் எழுதினால் தானாக அழைப்பு வரும் என்று நினைப்பவர்களும் உண்டு. மாநிலக் கலந்தாய்வுக்குத் தனியாக, அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் பதற்றத்தில் செய்வதுதான் பெரிய சேதம். வெளிநாட்டுப் படிப்புக்கு நீட் வேண்டாம் என்று சொல்லும் ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நீட்டில் தகுதி பெறாமல் அங்கே படித்துவிட்டு வந்தால் இங்கே மருத்துவராகப் பதிய முடியாது. பேருந்து நிலையத்துப் பக்கம் மாடியில் நடக்கும் ஓராண்டு 'நர்சிங்' படிப்புகளிலும் கவனம் தேவை. தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாவிட்டால் அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பணம் கட்டுவதற்கு முன், கவுன்சில் அங்கீகரித்த பட்டியலில் அந்த இடத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.