ஹோபார்ட் கிளம்பும் முன் டீசல் டேங்க்கைத் திறந்து பாருங்கள்

டிசம்பர் வந்துவிட்டால் சிட்னியின் படகுத்துறைகளில் ஒரே காட்சிதான். சிட்னியிலிருந்து டாஸ்மேனியா தீவின் ஹோபார்ட் வரை ஓடும் பாய்மரப் படகுப் போட்டிக்கு முதல் முறையாகப் போகிறவர்கள் புதுப் பாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். மிதவை, ஆபத்தில் உதவி கேட்கக் கொளுத்தும் தீச்சுடர் போன்றவற்றைப் பரிசோதிக்க வருகிறவர்களே பார்த்துவிடுவார்கள்; அதை விட்டுவிடுகிறேன். பட்டியல் முழுக்க டிக் விழுந்த பிறகும் கழுத்தறுக்கிற சில விஷயங்கள் இருக்கின்றன.

டேங்க்கின் அடியில்

"பாய்மரப் போட்டிக்கு எஞ்சின் எதற்கு?" என்று இன்னும் கேட்கிறார்கள். 628 கடல் மைலும் காற்றில்தான் ஓடுகிறோம், சரி. ஆனால் ரேடியோ, விளக்கு, ஜிபிஎஸ் எல்லாம் பேட்டரியில் ஓடுகின்றன. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது எஞ்சின்.

எங்கள் படகு வருடத்தில் பாதி நாள் துறையில் கட்டியே கிடக்கும். டேங்க்கில் அரைவாசி டீசல், மேலே காற்று. அந்தக் காற்றிலுள்ள ஈரம் இரவில் குளிர்ந்து, தண்ணீராகி அடியில் இறங்கும். தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து கறுப்புக் கூழாகப் படியும். துறைமுகத்துக்குள் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் இது தெரியாது. கூழ் அடியில் படுத்திருக்கும், மேலேயுள்ள தெளிந்த டீசல்தான் எஞ்சினுக்குப் போகும்.

கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. தெற்கிலிருந்து காற்று எதிர்த்து வீசினால் அலைகள் செங்குத்தாக எழும். இரண்டாம் நாள் மாலை எங்களுக்கு அதுதான் நடந்தது. படகு அலை அலையாக ஏறி விழ, டேங்க் மோர் கடைந்த மாதிரி கலங்கிவிட்டது. எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. ஃபில்டரைக் கழற்றினால், டிகாஷன் அடிமண்டிபோல் ஒரு கைப்பிடி. மாற்று ஃபில்டர் இரண்டுதான் வைத்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் இரண்டும் அடைத்துக்கொண்டன. சாய்ந்த படகில், டீசல் நாற்றத்தில், ஒவ்வொரு முறையும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஸ்பேனரை நீட்டிய நண்பர் இன்னொரு கையில் வாந்திக்கு வாளி பிடித்திருந்தார்.

ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவிலுள்ள பாஸ் நீரிணையில் இறங்கும் முன், கிரீன் கேப் முனை அருகே, எஞ்சினும் பேட்டரியும் வேலை செய்கின்றன, படகும் ஆட்களும் தயார் என்று ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) ரேடியோவில் உறுதி சொல்ல வேண்டும். 1998 புயலில் ஆறு பேர் இறந்து, கிளம்பிய 115 படகுகளில் 44 மட்டும் ஹோபார்ட் சேர்ந்த பிறகு வந்த விதி. அங்கே பொய் சொல்லக் கூடாது. ஈடன் துறைமுகத்துக்குத் திரும்பினோம். பாய் கிழியவில்லை, பாய்மரம் முறியவில்லை. ஒரு வாளிச் சேற்றுக்காக ஒரு வருட உழைப்பு போனது.

நவம்பரிலேயே டேங்க் மூடியைத் திறங்கள். அடிவரை குழாய் விட்டு ஒரு லிட்டர் உறிஞ்சி, கண்ணாடி பாட்டிலில் ஓர் இரவு வையுங்கள். கீழே தண்ணீர்க் கோடு தெரிந்தால் டேங்க்கைக் காலி செய்து கழுவத்தான் வேண்டும். கிருமி கொல்லும் மருந்து ஊற்றினால் போதும் என்பார்கள். செத்த கிருமியும் ஃபில்டரை அடைக்கும். அப்புறம் அலை மோசமான ஒரு நாள் வெளிக்கடலுக்குப் போய் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மாற்று ஃபில்டர் ஆறாவது வேண்டும். அதை மாற்றத் தெரிந்தவர்கள் இருவர், வேறு வேறு ஷிப்டில்.

போன வாரம் பக்கத்துப் படகுக்காரத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "எஞ்சின் ஓடுதே அண்ணா, அப்புறம் என்ன?" என்றான். எனக்கும் ஓடியது.

மாத்திரை

கடல் குமட்டலுக்கான மாத்திரை இது. குமட்டல் வந்த பிறகு போட்டால் மாத்திரையும் கடலுக்குத்தான் போகும். முந்தின இரவே போடுங்கள். அதற்கும் முன்னால் வீட்டில் ஒருநாள் போட்டுப் பாருங்கள். சிலருக்குத் தூக்கம் ஆளையே சாய்த்துவிடும்.

கிறிஸ்துமஸ் விருந்து

மறுநாள் மதியம் போட்டி. அளவோடு.

புது பூட்ஸ்

வேண்டாம்.

முதல் இரவுத் தூக்கம்

உற்சாகத்தில் எல்லோரும் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். கிளம்பிய அன்று மாலையே பாதிப் பேரைக் கீழே அனுப்புங்கள், தூக்கம் வராவிட்டாலும் படுக்கட்டும். கடைசியில், ஹோபார்ட்டுக்குப் போகும் டெர்வென்ட் ஆற்றில் இரவு நேரத்தில் காற்று செத்துவிடும். அந்தப் பதினோரு மைலில் இலை அசைவுக்கும் பாயைத் திருத்த விழித்த கண் வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்

சர்வீஸ் ஆன தேதி ஒட்டியிருக்கும், உள்ளே ஜாக்கெட்டை ஊதவைக்கும் கேஸ் சிலிண்டர் அரைச் சுற்று கழன்றிருக்கும். கையால் திருகிப் பாருங்கள். போன வருடம் என்னுடையது அப்படித்தான் இருந்தது.