கிம்பில் லேயர்களைச் சேமிப்பதும் எக்ஸ்போர்ட் செய்வதும்

உறவினர் வீட்டுக் காதணி விழாவுக்குக் கிம்ப் என்ற பட வேலை மென்பொருளில் ஓர் அழைப்பிதழ் செய்து, ஜேபெக்காக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூடும்போது "சேமிக்கவா?" என்று கேட்டது. அதான் அனுப்பியாச்சே என்று வேண்டாம் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் போன்: தாய்மாமன் இன்ஷியல் தப்பு. ஜேபெக்கில் எழுத்தும் பின்னணியும் ஒன்றாக ஒட்டிவிடும், பிரிக்க வழியில்லை. முதலிலிருந்து செய்தேன்.

கிம்பில் சேவ் வேறு, எக்ஸ்போர்ட் வேறு. 2012-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்தே இப்படித்தான். சேவ் கொடுத்தால் கிம்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் மட்டுமே கிடைக்கும். அங்கே போய் ஜேபெக் என்று பெயர் வைத்தால் ஏற்காது. (எக்ஸ்சிஎஃப் என்பது கிம்பை உருவாக்கிய மாணவர்கள் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகக் கணினிக் குழுவின் பெயர்ச் சுருக்கம்.)

வேலையைத் தொடங்கியதுமே ஷிஃப்ட்+கண்ட்ரோல்+எஸ் அழுத்தி ஒரு பெயர் கொடுங்கள். அப்புறம் அவ்வப்போது கண்ட்ரோல்+எஸ் போதும். லேயர்கள், அதாவது படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகள், மறைத்து வைத்தவைகூட இதில் பத்திரமாக இருக்கும். எழுத்து எழுத்தாகவே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

அடுத்தவருக்கு அனுப்ப ஷிஃப்ட்+கண்ட்ரோல்+ஈ. பெயரின் கடைசியில் ஜேபிஜி அல்லது பிஎன்ஜி என்று போட்டால் வகையை அதுவே புரிந்துகொள்ளும். லேயர் பட்டியலில் கண் ஐகான் தெரியும் லேயர்கள் மட்டுமே படத்தில் வரும். ஜேபெக்கில் ஒளிபுகும் பகுதி கிடையாது. வெற்றிடத்தில் பின்னணி நிறம் வந்து நிரம்பிவிடும். லோகோ என்றால் பிஎன்ஜிதான்.

ஒரே ஒரு லேயர் வேண்டுமா? லேயர் பட்டியலில் அதன் கண் ஐகானை ஷிஃப்ட் பிடித்துக் கிளிக் செய்யுங்கள். மற்றவை மறையும். இப்போது எக்ஸ்போர்ட் செய்தால் அது மட்டும் வரும், ஆனால் முழுப் படத்தின் அளவில், சுற்றிலும் வெற்றிடத்தோடு. லேயரின் அளவுக்கே வேண்டுமென்றால், பட்டியலில் உள்ள அதன் சின்னப் படத்தை இழுத்துக் கருவிப்பெட்டியில் விடுங்கள். தனிப் படமாகத் திறக்கும், அதை எக்ஸ்போர்ட் செய்யலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. வெறும் கண்ட்ரோல்+ஈ, கடைசியாக எக்ஸ்போர்ட் செய்த கோப்பின் மேலேயே எழுதிவிடும். ஒரே படத்திலிருந்து லேயர் லேயராக எடுக்கும்போது பழக்கத்தில் அதை அழுத்தினால் முந்தைய படம் போச்சு. ஒவ்வொரு முறையும் ஷிஃப்ட் சேர்த்தே அழுத்திப் புதுப் பெயர் கொடுங்கள்.

அச்சகத்தில் ஃபோட்டோஷாப் வைத்திருந்தால் அதன் கோப்பு வகையான பிஎஸ்டியாக எக்ஸ்போர்ட் செய்து தரலாம். லேயர்கள் பிரிந்தே போகும். ஆனால் கிம்ப் 2.10-இல் எழுத்து லேயர் படமாக மாறிவிடும், அங்கே இன்ஷியலைத் திருத்த முடியாது. எக்ஸ்சிஎஃப் கோப்பு உங்களிடம் இருக்கட்டும்.