பழைய இரும்புத் தூணுக்குப் போல்ட்டா, பற்றவைப்பா?

பினாங்கின் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் கடலை ஒட்டி நிற்கும் பழைய கிடங்குகளில், கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் பெரும்பாலும் அடியிலிருந்துதான் அரிக்கத் தொடங்கும். தரை கழுவும் நீரும் உப்புக் காற்றும் ஒன்றாகச் சேரும் இடம் அது. அத்தூணுக்குப் புதுத் தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும் என்றதும், குத்தகையாளர்களில் பலர் வெல்டிங் (பற்றவைப்பு) கருவியைத்தான் முதலில் லாரியில் ஏற்றுகிறார்கள். புதிய கட்டுமானத்தில் எந்த இணைப்பு மலிவு, எது விரைவு என்று கேட்கலாம். பழுதுபார்க்கும்போது கேட்க வேண்டியவை வேறு: இந்த இரும்பு எத்தகையது, இந்த நிமிடம் அது எவ்வளவு சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் தீப்பற்றக்கூடியது எது.

முதல் கேள்விக்கு விடை தெரியாமல் தீக்குச்சி அளவு நெருப்பைக்கூட அருகில் கொண்டு செல்லாதீர்கள். தூணில் ரிவெட் (தகடுகளை இணைக்க அடித்து இறுக்கிய ஆணி) தலைகள் வரிசையாகத் தெரிந்தால், அது பற்றவைப்பு பரவலாகும் முன் செய்யப்பட்ட வேலையாக இருக்கக்கூடும். அக்கால எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் மிகுந்திருக்க வாய்ப்புண்டு, இன்னும் பழையதானால் அடுக்கடுக்காகக் கசடு கொண்ட தேனிரும்பாகவும் இருக்கலாம். இவ்விரண்டும் பற்றவைப்பின் சூட்டிலும் இழுப்பிலும் பிளக்கக்கூடியவை. ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்களில் காணப்படும் வார்ப்பிரும்புத் தூண் என்றால், சுமை தாங்கும் பற்றவைப்பு என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். ஐயம் இருக்கும்போது, சுமை குறைந்த ஓரிடத்தில் துரப்பணமிட்டு, உதிரும் துருவலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, பற்றவைப்புக்கு அந்த இரும்பு எவ்வளவு ஏற்றது என்று காட்டும் கார்பன் சமானத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். கார்பனோடு, மாங்கனீசில் ஆறில் ஒரு பங்கையும், குரோமியம், மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கையும், நிக்கல், செம்பு இரண்டின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கையும் சேர்த்தால் வரும் எண் அது. 0.40-க்குக் கீழே இருந்தால் பொதுவாகச் சிக்கல் குறைவு. அதற்கு மேலே போகப் போக, முன்சூடேற்றம் இல்லாமல் பற்றவைப்பது ஆபத்து.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கிடங்கில் மாலை நேரத்தில் பற்றவைத்து முடித்த தகடு கண்ணுக்கு அழகாகவே இருந்தது. மறுநாள் காலையில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, பற்றவைப்பின் விளிம்பை ஒட்டி, பழைய இரும்பில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஒரு சாண் நீளத்துக்கு ஓடியிருந்தது. வெல்டிங் குச்சிப் பெட்டி காலையிலிருந்தே திறந்து கிடந்தது. பினாங்கின் ஈரக்காற்றை உறிஞ்சிய குச்சிப் பூச்சிலிருந்து வந்த ஹைட்ரஜன், இரும்புக்குள் புகுந்து பல மணி நேரம் கழித்து வேலையைக் காட்டியது. பற்றவைக்கத்தான் வேண்டும் என்றால், 7018 போன்ற குறை ஹைட்ரஜன் குச்சிகளைச் சூடான அடுப்புப் பெட்டியிலிருந்து தேவைக்கேற்ப மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். விரிசல் சோதனையை 48 மணி நேரம் கழித்துச் செய்யுங்கள்.

அடுத்தது சுமை. எஃகு 400 பாகை செல்சியஸ் வரை தன் வலுவைப் பெரும்பாலும் தக்கவைத்துக்கொள்ளும். 600 பாகையில் பாதிக்கும் குறைவாகவே எஞ்சும். ஆகவே கூரையின் எடையைச் சுமந்து நிற்கும் தூணிலோ உத்திரத்திலோ, குறிப்பாக இழுவிசை உள்ள விளிம்புத் தகட்டின் (ஃபிளேன்ஜ்) குறுக்கே பற்றவைப்பது, நிற்பவனின் காலைத் தட்டிவிடுவதற்குச் சமம். முட்டுக்கொடுத்து, ஜாக்கியால் சுமையை வாங்கிக்கொண்ட பிறகே தொட வேண்டும்.

போல்ட்டிலும் விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. எம்20 (20 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டுக்கு 22 மில்லிமீட்டர் துளை வேண்டும். 150 மில்லிமீட்டர் அகலமுள்ள விளிம்புத் தகட்டில் அருகருகே இரண்டு துளைகள் போட்டால் 44 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 30 விழுக்காடு, அந்த வெட்டில் இல்லாமல் போய்விடுகிறது. அரித்து மெலிந்த தகட்டில் அது தாங்காது. அப்போது துளைகளைச் சுமை குறைந்த, முழுத் தடிமன் எஞ்சியிருக்கும் பகுதிக்கு நகர்த்தித் தகட்டை நீட்டுவேன். அதற்கும் இடமில்லை, இரும்பும் பற்றவைப்புக்கு ஏற்றது என்று ஆய்வு சொன்னால் மட்டுமே பற்றவைப்புக்குப் போவேன்.

இரண்டையும் கலந்து, போல்ட்டின் வலுவையும் பற்றவைப்பின் வலுவையும் கூட்டிக் கணக்குப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதாரண போல்ட் துளைக்குள் சற்று நகர்ந்த பிறகுதான் சுமையை ஏற்கிறது. பற்றவைப்போ உடனே முழுவதையும் ஏற்று, தனியாக நின்று, அறுந்துவிடுகிறது. ஏதேனும் ஒன்றே மொத்தச் சுமையையும் தாங்குமாறு வடிவமையுங்கள். ரிவெட்டுகளுக்கு அருகில் பற்றவைத்தாலும் சூட்டில் பக்கத்து ரிவெட்டுகள் தளரக்கூடும். செந்தூல் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த என் பெரியப்பா, சிறு சுத்தியலால் ரிவெட் தலையைத் தட்டி ஒலியைக் கேட்டே தளர்ந்ததைச் சொல்லிவிடுவார். அந்தச் சோதனை இன்றும் செல்லும். தளர்ந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, உடனுக்குடன் 8.8 தர முன்னிறுக்க போல்ட் (முறுக்கி இறுக்கித் தகடுகளை அழுத்திப் பிடிக்கும் வலுவான போல்ட்) போடுங்கள். ஒரே நேரத்தில் பலவற்றைக் கழற்றாதீர்கள்.

மரக்கூரையுள்ள கடைவீடுகளில் தீப்பொறி ஒரு பலகைச் சந்தில் கனன்றிருந்து, ஆட்கள் வீடு போன பிறகு எரியும்; வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கே காவல் இருக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயமும், நாகப்பூச்சில் துத்தநாகமும் புகையாக நுரையீரலுக்குப் போகும். இவ்விடங்களில் போல்ட்டையே தேர்ந்தெடுங்கள். கடலோரமாயின் தகடுகளுக்கிடையே நீர் புகாதபடி ஓரங்களை அடைத்துவிடுங்கள். விட்டுவிட்டுப் போடும் பற்றவைப்பும் அதே இடுக்கைத்தான் உண்டாக்கும், ஆகவே அதைத் தொடர்ச்சியாகப் போட வேண்டும்.

எந்த முறையானாலும் கணக்கும் வரைபடமும் பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியாளருடையதாக இருக்கட்டும். ஜாக்கியை இறக்கும் நேரம் மட்டும் முறைக்கு முறை மாறும்: போல்ட் என்றால் எல்லாவற்றையும் இறுக்கிச் சரிபார்த்த அன்றே இறக்கலாம், பற்றவைப்பு என்றால் 48 மணி நேரச் சோதனை தேறும்வரை முட்டுகள் அப்படியே நிற்க வேண்டும். இறக்கும்போது சிறுகச் சிறுக இறக்கி, ஒவ்வொரு முறையும் நிறுத்தி, இணைப்பின் விளிம்பில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள்.