விரல் ஆக்சிமீட்டரை வீட்டில் சரியாகப் பார்ப்பது எப்படி?

ஊசி குத்தாமலே ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளப்பது ஒரு காலத்தில் விண்வெளிக் கதை போலத்தான் தோன்றியது. 1974ல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி இன்றைய ஆக்சிமீட்டருக்கு வழி கண்டார், இப்போது அதைத் தி.நகர் மருந்துக்கடையிலேயே வாங்கிவிடலாம். விரலுக்குள் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பாய்கின்றன, ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பைக் குறைவாக உறிஞ்சும், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கணக்கு. அதனால் நெயில் பாலிஷை அழித்துவிடுங்கள், மருதாணி விரலும் வேண்டாம். மாடியேறி வந்தால் 5 நிமிடம் உட்காருங்கள். ஏசியில் விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். அப்புறம், கையை அசைக்காமல் எண் நிலைத்தபின் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்கு மேல் என்றால் பொதுவாகச் சரி, ஆனால் கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம், அதனால் மூச்சுத் திணறினால் எண்ணை நம்பி உட்காராமல் 108ஐக் கூப்பிடுங்கள்.