மொரிசியஸ் வரலாற்றை ஒரே தாளில் வரைந்து படிப்பது எப்படி?

குடியேற்ற நாடாக இருந்து சுயாட்சிக்கு வந்த ஒரு தேசத்தின் கதையைப் படிக்க உட்கார்ந்தால், ஆண்டுகளும் ஆளுநர் பெயர்களும் சேர்ந்து தலை சுற்ற வைக்கும். நான் மொரிசியஸை இப்படித்தான் படித்தேன். பெரிய தாள், பென்சில், அளவுகோல் போதும்.

படி 1: மூன்று கட்டம் போடுங்கள்

ஆண்டு, வந்தவர்கள், யார் பேச்சு எடுபட்டது. மூன்றாவதை அகலமாக விடுங்கள். சுயாட்சியின் கதை முழுக்க அதில்தான் வரும்.

படி 2: வந்தவர்களை நிரப்புங்கள்

இந்தத் தீவில் பூர்வகுடிகள் கிடையாது. 1638-இல் டச்சுக்காரர்கள் குடியேறினார்கள். கரும்பைக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். 1710-இல் விட்டுவிட்டுப் போனார்கள். 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் தீவைத் தமதாக்கினார்கள். 1735-இல் ஆளுநராக வந்த லாபூர்தொனே போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாகக் கட்டியெழுப்பினார். உழைத்தவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்களும் வந்தார்கள்.

1810-இல் பிரிட்டன் தீவைப் பிடித்தது. இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். சரணடையும்போது போட்ட உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக் குடியேறிகளின் சொத்து, சட்டம், மதம் எதிலும் கை வைக்கவில்லை. கொடி மாறியது, தோட்டம் மாறவில்லை. மூன்றாவது கட்டத்தில் ‘தோட்ட முதலாளிகள்’ என்று எழுதி, கீழே 1948 வரைக்கும் ஒரு கோடு இழுங்கள்.

படி 3: 1834, 1835 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்

1835 பிப்ரவரி 1-இல் அடிமை முறை ஒழிந்தது. இழப்பீடு கிடைத்தது முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு இல்லை. அதற்கு முன்பே, 1834 நவம்பரில், ‘அட்லஸ்’ கப்பலில் 36 இந்திய ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். போர்ட் லூயிஸில் அவர்கள் இறங்கிய ‘ஆப்ரவாசி காட்’ என்ற துறையில் 16 கல்படிகள் இன்றும் இருக்கின்றன.

படி 4: ஓட்டுரிமையை மட்டும் பின்தொடருங்கள்

1886-இல் சட்டமன்றத்துக்கு 10 பேரைத் தேர்ந்தெடுக்க வழி வந்தது. ஆனால் சொத்தோ நல்ல வருமானமோ இருந்தால்தான் ஓட்டு. கரும்பு வெட்டியவருக்கு இல்லை. 1936-இல் தொழிற்கட்சி பிறந்தது.

1943 செப்டம்பர் 27-ஐச் சிவப்பில் எழுதுங்கள். பெல்வியு ஆரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஒருவர் அஞ்சலை கூப்பன், கர்ப்பிணி. அஞ்சலை என்ற பெயரை நம் ஊர்த் தெருவில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அந்தப் பெயரில் அங்கே ஒரு விளையாட்டரங்கம் இருக்கிறது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த வரி. 1947 அரசியலமைப்பு, தீவில் வழங்கிய மொழிகளில் எதிலாவது எளிய வாக்கியம் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு ஓட்டுரிமை தந்தது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. சமூகச் சீர்திருத்தவாதி பசுதேவ் பிசூந்தோயலின் இயக்கத்தார் ஊர் ஊராக எழுத்து வகுப்பு நடத்தினார்கள். பகலெல்லாம் கரும்பு வெட்டிய கை, ஓட்டுக்காக எழுத்துக்கூட்டப் பழகியது. சுமார் 12,000 ஆக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 1948-இல் 70,000-ஐத் தாண்டியது. நீங்கள் இழுத்த கோடு இங்கேதான் முறிகிறது.

படி 5: கடைசி வரிகள்

1959: வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு. 1967 தேர்தல்: விடுதலைக் கூட்டணிக்குச் சுமார் 55 சதவீதம், விடுதலையை எதிர்த்த அணிக்குச் சுமார் 44. அந்த 44-ஐயும் எழுதுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். 1968 மார்ச் 12: விடுதலை, சிவசாகர் ராம்கூலம் பிரதமர். 1992: குடியரசு.

இன்னொரு வரி பாக்கி. விடுதலைக்கு முன், 1965-இல், மொரிசியஸோடு சேர்த்து ஆளப்பட்ட சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் தனியே பிரித்துக்கொண்டது. அங்கே வாழ்ந்தவர்கள் 1973-க்குள் வெளியேற்றப்பட்டார்கள், பலர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வரிக்கு மூன்றாவது கட்டத்தில் ‘லண்டன்’ என்று எழுதுங்கள்.