ஈரம் படாமல் ஒரு மரபணு ஏந்தி

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது நுண்ணோக்கியை அல்ல. உறைபெட்டியின் மூலையில், சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவை. அதற்குள் இருப்பது பாலி பீட்டா அமினோ எஸ்டர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டேவிட் லின்னும் ராபர்ட் லாங்கரும் 2000ஆம் ஆண்டில் டி.என்.ஏ. ஏந்தியாக, அதாவது டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் பொருளாக, அறிமுகப்படுத்திய பாலிமர். இதன் எஸ்டர் பிணைப்புகளைத் தண்ணீரே அறுத்துவிடும். சரக்கை இறக்கியபின் செல்லுக்குள் சிறு துண்டுகளாகிவிடும் என்பதால், எளிதில் சிதையாமல் செல்லை வதைக்கும் இன்னொரு ஏந்தியான பாலிஎத்திலீன்இமினைவிட எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

அதே தண்ணீர் குப்பிக்குள் புகுந்தால் எல்லாம் வீண். முதல் வருடத்தில், குளிர்ந்த குப்பியை எடுத்த கையோடு திறந்துவிட்டேன். காற்றின் ஈரம் உள்ளே வியர்த்தது. இரண்டு வாரம், தட்டுக்குத் தட்டு இருட்டு; டி.என்.ஏ. உள்ளே போயிருந்தால் செல்கள் பச்சையாக ஒளிர்ந்திருக்கும். டி.என்.ஏ.வையும் செல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், பாலிமரைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை. ஆகவே மூடிய குப்பி அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். பிறகு, ஈரமற்ற டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கரைத்து, ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் சிறு குழாய்களில் பிரித்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

சோதனை நாளன்று 25 மில்லிமோலார் சோடியம் அசிட்டேட் கரைசல், பி.எச். 5. இந்த அமிலத்தன்மையில்தான் பாலிமரின் அமீன்கள் நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றமுள்ள டி.என்.ஏ.வை இறுகப் பற்றும். 96 குழித் தட்டில் ஒரு குழிக்கு, இக்கரைசலில் 10 மைக்ரோலிட்டருக்கு 0.6 மைக்ரோகிராம் டி.என்.ஏ.; இன்னொரு 10 மைக்ரோலிட்டரில் எடையில் அதைப்போல் 60 மடங்கு, அதாவது 36 மைக்ரோகிராம் பாலிமர். 30 மடங்கையும் கூடவே சோதியுங்கள். செல்லுக்குச் செல் இது மாறும். இரண்டையும் சேர்த்துப் பிப்பெட்டால் ஏற்றி இறக்கிக் கலந்து, 10 நிமிடம் விடுங்கள். அந்தப் 10 நிமிடத்தில் வேறு வேலைக்குப் போகாதீர்கள். நேரம் தாண்டினால், பாலிமரும் டி.என்.ஏ.வும் சேர்ந்து உருவான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருக்கத் தொடங்கும்.

100 மைக்ரோலிட்டர் வளர்ப்பு ஊடகத்தில் இருக்கும் செல்கள்மீது ஊற்றி, நான்கு மணி நேரம் கழித்து ஊடகத்தை மாற்றுங்கள். 48 மணி நேரத்தில், அந்த டி.என்.ஏ.வைக் கொண்டு செல்கள் ஆக்கும் பச்சை ஒளிரும் புரதம் தெரியும். உயிரோடிருக்கும் செல்களையும் எண்ணுங்கள். பாதி செல்கள் செத்த தட்டில் மீதி எவ்வளவு ஒளிர்ந்தாலும் அதை நான் வெற்றியாக ஏற்பதில்லை. பாலிமர் இல்லாமல் டி.என்.ஏ. மட்டும் இட்ட குழி ஒன்றும், எதுவும் இடாத குழி ஒன்றும் தட்டில் கட்டாயம் இருக்கட்டும்.

எல்லாமே இருட்டாக இருந்தால், டி.என்.ஏ.வைத் திரும்பத் தயாரிக்கும் முன் திறக்காத புதுப் பாலிமர் குழாய் ஒன்றை எடுத்துப் பாருங்கள்.